மட்டாஞ்சேரி செப்பேடும் பதினோரு கல்யாண போட்டோவும்

இந்த முறை கொஞ்சம் நீளம். டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெளியூர், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் முன்பெல்லாம் என்னிடம் டெபாசிட்டுக்கு என்ன வட்டி என்று கேட்பார்கள். இப்போது அதைவிட அதிகம் வரும் கேள்வி வேறு. "ஒரே போட்டோ போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க்கில் ரெண்டு, கூகுளில் ஒன்று என்று கிடக்கிறது. இடம் தீர்ந்துவிட்டது, பணம் கட்டு என்கிறான். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?" நான் பி.காம். கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனால் ஒரே விஷயம் ரெண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் எது சரி, எது மிகை என்று துருவிப் பார்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் பதில் சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் மட்டாஞ்சேரி வரை போய்விட்டு வரவேண்டும். நகல் என்றால் என்ன, அசல் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை.

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. 1568-ல் கட்டியது. 'பரதேசி' என்றால் நம் ஊரில் வசவு. இங்கே வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்று மட்டும்தான் பொருள். (அந்தக் கணக்கில் நானும் ஆலுவாவில் ஒரு பரதேசி.) அந்த ஜெப ஆலயத்தைச் சேர்ந்த செப்பேடுகள் கி.பி. 1000 வாக்கில் சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்தவை. முயிரிக்கோட்டில், அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கத்தில், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் கொடுத்ததற்கான ஆவணம். பகலில் விளக்கு, நடக்கத் துணி விரிப்பு, பல்லக்கு, குடை, வாத்தியம், தோரணம் என்று போகிறது பட்டியல். எனக்குப் பிடித்தது அதில் வரும் வரிவிலக்கு. உல்கும் துலாக்கூலியும் கிடையாது என்கிறது. உல்கு என்றால் சுங்கம். திருக்குறளில் வரும் அதே உல்குதான். துலாக்கூலி என்றால் நிறுத்துக் கொடுப்பதற்கான கட்டணம். சர்வீஸ் சார்ஜை தள்ளுபடி செய்து ராஜா போட்ட ஆர்டர்! வட்டெழுத்தில், இடையிடையே கிரந்தம் கலந்து எழுதியிருக்கிறது. எழுத்துப் பெயர்ப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் நமக்கு முக்கால்வாசி புரியும். மலையாளம் தனியாகப் பிரிந்து போவதற்கு முந்தைய மொழி.

செப்பேடு என்பது அப்போதைய பேக்கப்தான். ஓலை செல்லரிக்கும், ஈரத்தில் மக்கும், தீயில் போகும். நிலம், வரி, உரிமை மாதிரி நூறு தலைமுறைக்கு நிற்கவேண்டியதைச் செம்பில் வெட்டினார்கள். கீழே வேணாடு, வள்ளுவநாடு, ஏறநாடு என்று பல நாட்டுத் தலைவர்கள் சாட்சி. நாங்கள் ஒரு கடன் பத்திரத்தில் ரெண்டு சாட்சிக்கே அல்லாடுகிறோம்.

அந்த ஏடுகள் கொடுத்த இடத்திலேயே இருக்கவில்லை. யூதர்கள் கொடுங்கல்லூரை விட்டுக் கொச்சிக்கு நகர்ந்தார்கள், ஏடுகளும் நகர்ந்தன. 1662-ல் போர்ச்சுகீசியர் தாக்கியதில் ஜெப ஆலயம் சேதமானது. அடுத்த வருடம் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகுதான் சீரமைக்க முடிந்தது. ஏடுகள் தப்பின. அதோடு, அசல் யார் கையில் இருக்கிறது என்பதே ஒரு பெரிய வழக்காகவும் இருந்தது. பின்னால் ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த பரதேசி யூதர்களுக்கும், அவர்களுக்கு முன்பே இங்கிருந்த மலபார் யூதர்களுக்கும் நெடுநாள் மனக்கசப்பு. ஜோசப் ரப்பானின் உண்மையான வாரிசு யார் என்ற சண்டையில் செப்பேடு வைத்திருந்தவர்கள் கை ஓங்கியே இருந்தது. பெரிய குடும்பங்களில் அப்பா போன பிறகு போட்டோ ஆல்பம் எந்த அண்ணன் வீட்டில் இருக்கிறது என்று பார்த்தால் இந்தக் கதை விளங்கும்.

இனி நகல்கள். 1806-ல் கல்கத்தாவிலிருந்து கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் தென்னிந்தியப் பயணம் கிளம்பினார். கொச்சியில் யூதர்களிடம் எபிரேயச் சுவடிகள் வாங்கினார். செப்பேட்டை வாங்க முடியாது என்பதால் அதைப் பார்த்து அப்படியே செம்பில் வெட்டச் செய்து எடுத்துப் போனார். அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1844-ல் ஹெர்மன் குண்டர்ட் மொழிபெயர்த்து மெட்ராஸில் வந்த ஒரு ஆய்வுப் பத்திரிகையில் போட்டார். (மலையாள அகராதி போட்ட அதே குண்டர்ட். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா.) பிறகு ஹுல்ட்ஷ் எபிகிராஃபியா இண்டிகாவின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். 2017 ஜூலையில் நம் பிரதமர் இஸ்ரேல் போனபோது அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்ததும் இந்தச் செப்பேட்டின் நகலைத்தான், கூடவே தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் நகலையும்.

ஆக, ஒரு அசலுக்கு ஒரு செப்பு நகல் இங்கிலாந்தில், அச்சு நகல் உலகத்து நூலகங்களில், இன்னொரு நகல் இஸ்ரேலில். இதை யாராவது 'டூப்ளிகேட், அழித்துவிடலாம்' என்று சொல்வார்களா? ஒவ்வொன்றும் வேறு வேறு ஊரில் இருக்கிறது. எது அசல், எது எப்போது எடுத்த நகல் என்று எல்லோருக்கும் தெரியும்.

எதிர் உதாரணமும் இங்கேயே உண்டு. மேலே சொன்ன தரிசாப்பள்ளிச் செப்பேடு இன்னும் பழையது, கி.பி. 849. வேணாட்டு அய்யன் அடிகள் கொல்லத்துத் தேவாலயத்துக்குக் கொடுத்தது. அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்தில் எல்லாம் சாட்சிக் கையெழுத்து இருக்கும் ஆச்சரியமான ஆவணம். இன்று அதன் ஏடுகள் கோட்டயத்திலும் திருவல்லாவிலும் இரண்டு திருச்சபைகளின் கையில் பிரிந்து கிடக்கின்றன. முழுதாகவும் இல்லை, நடுவில் ஏடு தவறியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்கள் முடிவு. தவறிப் போன ஏட்டை, போவதற்கு முன்னால் யாரும் படி எடுக்கவில்லை. எத்தனை புக்கானன் வந்தும் அதற்கு மேல் பிரயோஜனம் இல்லை.

சரி, மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவாவுக்குத் திரும்புவோம். ரெண்டு ஊரையும் சேர்ப்பது பெரியாறு. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில்தான் கொடுங்கல்லூர்த் துறைமுகம் மண்மூடி, கொச்சி அழிமுகம் திறந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். 1924 ஜூலையில் வந்ததை இங்கே வயதானவர்கள் 'தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. அப்புறம் 2018.

அந்த ஆகஸ்ட் 9-ம் தேதி இடுக்கி அணைக்காகச் செறுதோணி மதகை இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு திறந்தார்கள். 15-ம் தேதி நெடும்பாசேரி விமான நிலையத்தை மூடினார்கள், திறக்க 29-ம் தேதி ஆனது. மாநிலம் முழுக்க 480 பேருக்கு மேல் போனார்கள், லட்சக்கணக்கானவர்கள் முகாம்களில். நாங்கள் ரெண்டாவது மாடி. கரண்ட் இல்லாமல், போனில் சார்ஜ் இல்லாமல், தண்ணீர் படி ஏறுவதை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். தரைத் தளத்து அம்மச்சியை ஒன்றாம் மாடிக்காரர்கள் முன்கூட்டியே மேலே கூட்டி வந்துவிட்டார்கள். அவர் எடுத்து வந்தது மருந்துப் பையும் ஒரு பைபிளும்.

தண்ணீர் வடிந்த பிறகு அவர் வீட்டைக் கழுவப் போனோம். ஸ்டீல் பீரோவுக்குள் கல்யாண ஆல்பம் ஊறிப்போய், பக்கத்தோடு பக்கம் ஒட்டி, சேறாக இருந்தது. அவர் கணவர் இறந்து பல வருடம். "போட்டே சாரே, எல்லாம் மோன் கம்ப்யூட்டரில் கேற்றியிட்டுண்டு," என்றார். மகன் ஒரு முறை லீவில் வந்தபோது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அம்மாவிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் எங்கே? அதே பீரோவில், அதே தட்டில், ஆல்பத்துக்குப் பக்கத்தில். அதன் யூஎஸ்பி ஓட்டையிலிருந்து வண்டல் ஒழுகியது.

ரெண்டு பிரதி இருந்தது. ஒரே பீரோவில் இருந்ததால் வெள்ளத்துக்கு அது ஒரு பிரதிதான்.

கடைசியில் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? மெல்பர்னில் இருக்கும் மகளின் பழைய வாட்ஸப் குழுவிலிருந்து. தம்பி எப்போதோ அனுப்பிய கல்யாண போட்டோ ஒன்று, தேய்ந்து சிறுத்து, நூறு கேபி கூட இல்லை. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். பாஸ்போர்ட் அளவைவிடச் சற்றுப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டிக் கொடுத்தார்கள். இன்று போனைச் சுத்தம் செய்யும் எந்த ஆப்பிடம் கொடுத்தாலும் முதலில் அழிக்கச் சொல்லும் ரகம் அது: மங்கலானது, சிறியது, வாட்ஸப்பில் வந்தது.

அந்த வருடம் செப்டம்பரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் சிறப்பு அதாலத்துகள் நடத்தினார்கள். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரம் என்று தண்ணீரில் போனதையெல்லாம் திரும்பக் கொடுத்தார்கள். டிஜிலாக்கரிலும் ஏற்றிக் கொடுத்தார்கள். எங்கள் கவுண்டருக்கும் நனைந்த பாஸ்புக்கும் டெபாசிட் ரசீதுமாக வந்தார்கள். எல்லாவற்றுக்கும் டூப்ளிகேட் கொடுக்க முடிந்தது. காரணம், அதற்கெல்லாம் இன்னொரு இடத்தில் பேரேடு இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது, பள்ளி போர்டில் இருக்கிறது, வங்கி என்றால் வேறு ஊரில், வேறு நில அதிர்வு மண்டலத்தில் ஒரு மாற்று டேட்டா சென்டரில் இருக்கிறது. வங்கிப் பேரேட்டின் சான்றிட்ட நகலை அசலுக்குச் சமமாகக் கோர்ட் ஏற்கவேண்டும் என்று 1891-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அம்மச்சியின் கல்யாண போட்டோவுக்கு எந்த அலுவலகத்திலும் பேரேடு கிடையாது. அதாலத்தில் போய்க் கேட்க முடியாது. மகளின் வாட்ஸப்தான் அதற்குச் சார்பதிவாளர் அலுவலகம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நமக்கு எப்படி இத்தனை நகல் சேர்ந்தது என்று பார்ப்போம்.

பிலிம் காலத்தில் அசல் ஒன்றுதான்: நெகட்டிவ். அது ஸ்டுடியோவில் இருக்கும். பிரிண்டின் முதுகில் ஸ்டுடியோ முத்திரையும் நெகட்டிவ் நம்பரும் போடுவார்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் "எக்ஸ்ட்ரா ரெண்டு காப்பி" சொல்லி, ஒன்றை ஏர்மெயில் கவரில் வைத்துப் பினாங்குக்கோ கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்புவோம். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு நகல் எப்போதும் வேறு ஊரில்தான் இருந்தது. ஊரில் வீடு ஒழுகிப் படம் போனாலும் சித்தப்பா வீட்டு ஷோகேஸில் ஒன்று இருக்கும். ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு அந்த நெகட்டிவ்கள் பல ஊர்களில் பழைய பொருள்காரருக்குப் போய்விட்டன. தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்தது, பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழியும் ஆவணங்கள்' திட்டத்தின் உதவியோடு. 2004-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் விதி எனக்குப் பிடிக்கும்: அசல் அந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, நகல் மட்டும் லண்டனுக்கு. புக்கானனுக்கு இருநூறு வருடம் கழித்து அதே முறை.

டிஜிட்டல் கேமரா வந்ததும் நெகட்டிவ் என்ற சங்கதியே போய்விட்டது. எல்லாம் அசல், எல்லாம் நகல். அதோடு கோப்புகளின் பெயர் ஒரு பெரிய வில்லங்கம். பெரும்பாலான கேமராக்கள் நான்கு இலக்கம்தான் எண்ணும். 9999 ஆனதும் மறுபடி 0001. அதனால் ஒரே பெயரில் ரெண்டு வெவ்வேறு படம், ரெண்டு பெயரில் ஒரே படம் என்று இரண்டு கூத்தும் நடக்கும். ஒரே கணக்கு எண்ணை ரெண்டு கஸ்டமருக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்!

பிறகு இணைய சேவைகள். ஒவ்வொன்றும் பிறந்தபோது ஏற்றினோம், செத்தபோது இறக்கினோம். யாஹூ போட்டோஸ் 2007-ல் மூடியது. கோடக் கேலரி 2012-ல். ஆர்குட் 2014 செப்டம்பர் 30. பிகாசாவை 2004-ல் கூகுள் வாங்கி 2016-ல் நிறுத்தியது. ஃபிளிக்கர் இலவசமாக ஒரு டெராபைட் என்று 2013-ல் சொல்லி, 2019-ல் ஆயிரம் படத்துக்கு மேல் கிடையாது என்றது. 2015 மே மாதம் வந்த கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் ஏற்றலாம் என்றதும் நாம் எல்லோரும் பழைய சிடி, டிவிடி, பென் டிரைவ் எல்லாவற்றையும் அதில் கொட்டினோம். 2021 ஜூன் 1 முதல் அதுவும் 15 ஜிபி கணக்கில் வந்துவிட்டது. மெயிலுக்கும் அதே 15 ஜிபிதான். ஒவ்வொரு மூடுவிழாவுக்கும் ஒரு ஃபோல்டர் மிச்சம். என்னிடம் 'பேக்கப்', 'பேக்கப் புதுசு', 'பேக்கப் கடைசி', 'பேக்கப் கடைசி 2' எல்லாம் உண்டு. :-)

இதன் மாதிரிக்கு ஒரு படம். 2006-ல் என் தங்கை கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளும் படம். போன வருடம் எல்லா டிரைவையும் கொட்டித் தேடியதில் அது பதினோரு இடத்தில் இருந்தது. கேமராவிலிருந்து நேராக வந்தது ஒன்று. அதை எழுதிய சிடியில் ஒன்று. சிடியைப் புது லேப்டாப்பில் ஏற்றியது ஒன்று, லேப்டாப்பை வெளி டிரைவில் கொட்டியது ஒன்று. பிகாசாவிலிருந்து இறக்கியது, ஆர்குட்டில் போட்டிருந்தது, ஃபேஸ்புக்கில் இருந்தது. வாட்ஸப்பில் மூன்று பேர் மூன்று முறை அனுப்பியது. பதினோராவது, ஆல்பத்தில் ஒட்டியிருந்த பிரிண்டைத் தங்கை போனில் எடுத்தது.

இதை வங்கியில் செய்கிற மாதிரி ரீகன்சைல் பண்ணினேன். முறை இதுதான்.

முதலில் பெயரையும் தேதியையும் நம்பக்கூடாது. முன்பு ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தந்தியில் பணம் அனுப்பும் காலத்தில் 'டெஸ்ட் நம்பர்' என்று ஒன்று இருந்தது. தொகை, தேதி, கிளை எல்லாவற்றையும் ரகசியப் பட்டியலில் போட்டுக் கூட்டி வரும் எண். தந்தியில் ஒரு சைபர் மாறினாலும் எண் ஒத்துவராது, பணம் கொடுக்கமாட்டோம். கம்ப்யூட்டரிலும் அதேதான், பெயர் ஹாஷ். 1992-ல் வெளியான எம்டி5 ஒரு பிரபலமான முறை. கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 32 எழுத்தில் ஒரு கைரேகை கொடுக்கும். ரெண்டு கோப்பின் கைரேகை ஒன்றென்றால் பெயர் என்னவானாலும் உள்ளே இருப்பது ஒன்றே. (வேண்டுமென்றே ஒரே கைரேகை வருகிற மாதிரி ரெண்டு கோப்பு தயாரிக்கலாம் என்று 2004-ல் காட்டிவிட்டார்கள். வங்கிப் பாதுகாப்புக்கு அது ஆகாது. கல்யாண போட்டோவில் யார் போய் அந்த மோசடி செய்யப்போகிறார்கள்!) இலவச மென்பொருள்கள் இதை ராத்திரியோடு ராத்திரியாகச் செய்துவிடும். பதினொன்றில் முதல் நான்கும் இப்படி அச்சு அசல் ஒன்று என்று வந்தன.

மீதி ஏழு கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், கைரேகை வேறு. இங்கேதான் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தின் தரையை நினைத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கொண்டுவந்த நீல வெள்ளை ஓடுகள், ஆயிரத்துக்கு மேல். நின்று பார்த்தால் எல்லாம் ஒரே படம். கையால் வரைந்தது என்பதால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்று சொல்வார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். பிகாசாவும் ஆர்குட்டும் வாட்ஸப்பும் படத்தைச் சுருக்கி மறுபடி எழுதுகிறவை. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எந்தத் தேதி, எந்தக் கேமரா என்று கோப்புக்குள் இருக்கும் எக்ஸிஃப் விவரமும் போய்விடும். பெயரில் இருப்பது எடுத்த தேதி இல்லை, வந்த தேதி. 2006 கல்யாணம் 2019 என்று நிற்கும். இந்த மாதிரி ஒத்த படங்களைப் பிடிக்க வேறு வகைக் கைரேகை உண்டு: படத்தை 9க்கு 8 கட்டமாகச் சுருக்கி, பக்கத்துக் கட்டத்தைவிட இது வெளிச்சமா இருட்டா என்று மட்டும் குறித்துக்கொள்ளும். சுருக்கினாலும் தேய்ந்தாலும் அது பெரிதாக மாறாது. ஆப்பிளும் 2022-ல் ஐஓஎஸ் 16-லிருந்து 'டூப்ளிகேட்ஸ்' என்று தனி ஆல்பமாகப் பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் அழிக்கும் முடிவை எந்த மென்பொருளிடமும் விடாதீர்கள். அது ஒத்திருக்கிறதா என்று சொல்லும். வேண்டுமா என்று அதற்குத் தெரியாது. பெரிய அசல் கையில் இருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகே ஆர்குட், வாட்ஸப் பிரதிகளை எடுத்தேன். பதினோராவதை எடுக்கவில்லை. மென்பொருள் அதையும் ஒத்த படம் என்றுதான் காட்டியது. ஆனால் அதில் போட்டோவுக்குக் கீழே ஆல்பத் தாளில் அம்மா பால்பாயிண்ட் பேனாவில் பெயர், தேதி, 'மழை' என்று எழுதியிருக்கிறார். கேமரா கோப்பில் மழை இல்லை.

சந்தேகமானவற்றுக்கு 'சஸ்பென்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன். வங்கிக்காரர்கள் சிரிப்பார்கள். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாததைத் தற்காலிகமாக வைக்கும் இடம். ஆனால் ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். ஒரு வருடம் வைத்துப் பார்த்துத் தீர்க்க வேண்டும். அதில் இப்போதும் யாரென்றே தெரியாத ஒரு பாட்டி இருக்கிறார்.

இன்னொரு முக்கியமான விஷயம், நிறையப் பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கிளவுடும் போனும் சிங்க் ஆகியிருந்தால் அது ரெண்டு பிரதி இல்லை. ஒரே பேரேட்டை ரெண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. போனில் இடம் வேண்டும் என்று கூகுள் போட்டோஸ் ஆப்பிலேயே அழித்தால் கிளவுடிலும் போகும். ஏற்றிய படமென்றால் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐக்ளவுடில் 30 நாள். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆக, கேட்டவர்களுக்கு என் பதில். எத்தனை பிரதி என்று எண்ணாதீர்கள், எத்தனை ஊரில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே டிரைவில் இருக்கும் நான்கு அச்சு அசல் பிரதியில் மூன்று குப்பை, தயங்காமல் அழிக்கலாம். அண்ணன் வீட்டு டிரைவில் இருக்கும் அதே படம் குப்பை இல்லை. 'அவனிடம்தான் இருக்கிறதே' என்று நீங்கள் அழிக்க, 'அக்காவிடம்தான் இருக்கிறதே' என்று அவர் அழித்தால் தரிசாப்பள்ளி ஏடு கதைதான். யார் யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு தாளிலாவது எழுதி வையுங்கள்.

2011-ல் ஜப்பானில் சுனாமி வந்து போன பிறகு யமமோட்டோ என்ற ஊரில் சேற்றிலிருந்து லட்சக்கணக்கான போட்டோக்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கி எடுத்தார்கள். கழுவி, காயவைத்து, மறுபடி படம் பிடித்து, ஊர்க்காரர்கள் வந்து தங்களுடையதைத் தேடி எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். பலது உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது. முகம் முழுதாக அழிந்தவை சேரவில்லை. ஆலுவாவில் அப்படி யாரும் பொறுக்கியதாக எனக்குத் தெரியாது. அந்த வாரம் முனிசிபாலிட்டி லாரியில் மெத்தை, பாடப்புத்தகம், டிவி எல்லாவற்றோடும் ஆல்பங்களும் போவதைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று டிரைவ். ஒன்று இங்கே, ரெண்டாவது மாடியில், பரண்மேல். ஒன்று கோயம்புத்தூரில் தங்கையிடம். ஒன்று சிங்கப்பூரில் தம்பியிடம். கிளவுடில் தேர்ந்தெடுத்த கொஞ்சம் மட்டும், 15 ஜிபிக்குள். பொங்கலுக்கு ஊரில் கூடும்போது டிரைவ்களைக் கொண்டுவந்து சரிபார்த்துக்கொள்கிறோம். தம்பி முதல் வருடம் "அண்ணே, லீவுலயும் ஆடிட்டா?" என்றான். போன பொங்கலுக்கு அவனே அவன் மாமனார் வீட்டு ஆல்பங்களையும் ஸ்கேன் பண்ணிக் கொண்டுவந்துவிட்டான். அதில் ஒரு குரூப் போட்டோவில் சஸ்பென்ஸ் ஃபோல்டர் பாட்டி, மூன்றாவது வரிசையில், இடமிருந்து ரெண்டாவதாக நிற்கிறார். பெயர் இன்னும் யாருக்கும் தெரியவில்லை. மதுரையில் ஒரு பெரியப்பா இருக்கிறார், அவரிடம் பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

கொசுறு: மட்டாஞ்சேரி போனால் பரதேசி ஜெப ஆலயத்துச் சுவரில் ஒரு எபிரேயக் கல்வெட்டைப் பாருங்கள். 1344-ல் கொச்சங்காடியில் கட்டிய வேறொரு ஜெப ஆலயத்தின் கல் அது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகும் சனிக்கிழமையும் உள்ளே விடமாட்டார்கள், நாள் பார்த்துப் போங்கள்.